ரத்தப்போக்கைக் குறைக்கும் ஊசி போட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளுமா?

கேட்டவரின் நிலைமை இது. அம்மாவுக்கு 76 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பின் மேல்முனை உடைந்துவிட்டது. நாளை எலும்புக்குள் ராடு (உலோகக் கம்பி) வைத்து ஆபரேஷன். ஆறு வருடத்துக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ஸ்டென்டில் ரத்தம் கட்டாமல் இருக்க ஈகோஸ்பிரின், க்ளோபிடோகிரெல் என்ற மாத்திரைகளைச் சாப்பிட்டு வருகிறார். ஹீமோகுளோபின் 9.8. இரண்டு யூனிட் ரத்தம் ரிசர்வ் பண்ணி வைக்கச் சொன்ன டாக்டர், "ரத்தப்போக்கு குறைய ஒரு ஊசியும் போட்டுக்கொள்வோம்" என்றிருக்கிறார். அண்ணன் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "அது ரத்தத்தை உறைய வைக்கிற ஊசி, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

நான் மயக்க மருத்துவர். எலும்பு முறிவு ஆபரேஷன்களுக்கு மயக்கம் கொடுப்பதுதான் என் அன்றாட வேலை. உங்கள் அண்ணனின் பயம் அர்த்தமில்லாதது அல்ல. ஆனால் அவர் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறார். அம்மாவின் இதயத்தைக் காப்பாற்ற நினைக்கிறவர், ரத்தம் நிறையப் போனால் முதலில் திணறுவது அதே இதயம்தான் என்பதையும் யோசிக்க வேண்டும்.

எவ்வளவு ரத்தம் போகும் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு பாட்டியின் உடம்பில் மொத்தமாக இருப்பதே மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான ரத்தம். இடுப்பு மூட்டுக்குள்ளே, தொடை எலும்பின் கழுத்தில் முறிவு ஏற்பட்டால், மூட்டைச் சுற்றியுள்ள உறை ரத்தத்தை ஓரளவு அடக்கி வைக்கும். உங்கள் அம்மாவுக்கு ராடு வைக்கப் போகிறார்கள் என்றால் முறிவு அந்த உறைக்கு வெளியே, கொஞ்சம் கீழே இருக்கிறது என்று அர்த்தம். அங்கே எலும்பு பஞ்சு மாதிரி, நிறைய ரத்த ஓட்டம் உள்ள இடம். அடக்கி வைக்க உறையும் கிடையாது. விழுந்த நிமிஷத்திலிருந்தே தொடைத் தசைகளுக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். முழங்கால் ஆபரேஷன் என்றால் தொடையை இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்திவிட்டு வேலை பார்க்கலாம். இடுப்பில் அப்படிக் கட்ட இடமே இல்லை.

இந்த ரத்தம் யார் கண்ணிலும் படாது என்பதுதான் சிக்கல். வார்டில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். பேண்டேஜ் காய்ந்து சுத்தமாக இருக்கும். காயத்திலிருந்து குழாய் வழியாகப் பையில் வடிந்தது ஐம்பது மில்லிகூட இருக்காது. "நல்லாத்தான் டாக்டர் இருக்காங்க, கொஞ்சம் அசதியா இருக்குன்றாங்க" என்பார் மகள். போர்வையை விலக்கினால் அந்தக் கால் மட்டும் ஒன்றரை மடங்கு பருத்து, தோல் பளபளவென்று இறுகியிருக்கும். நாவற்பழ நிறத்தில் ஒரு திட்டு தொடையின் பின்பக்கமாக இறங்கி முழங்காலைத் தொட்டிருக்கும். ஹீமோகுளோபின் பார்த்தால் 10.4 இருந்தது 7.6 ஆகியிருக்கும். டாக்டர் கையில் பட்ட ரத்தத்தைவிட உள்ளே ஒளிந்துகொண்ட ரத்தம் பல மடங்கு. ராடு வைத்த ஆபரேஷன்களில் இந்த மறைந்த இழப்பு மட்டுமே ஒரு லிட்டரைத் தாண்டுவதுண்டு. மூன்று லிட்டரில் ஒரு லிட்டர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதனால் தேவையில்லாத சண்டைகள் வருகின்றன. அட்மிஷன் போடும்போது பார்க்கிற ஹீமோகுளோபின் பெரும்பாலும் உண்மையைவிட அதிகமாகவே காட்டும். விழுந்த இடத்திலேயே மணிக்கணக்கில் கிடந்து, தண்ணீர் குடிக்காமல் உடம்பு வற்றிப்போயிருப்பார்கள். டிரிப்ஸ் ஏற ஏற நிஜ எண் வெளியே வரும். காலையில் 11 என்றது ராத்திரி 9 என்றால் லேப் தப்புப் பண்ணவில்லை. உங்கள் அம்மாவின் 9.8-ம் நாளைக் காலைக்குள் இன்னும் இறங்கலாம், அதனால் ஆபரேஷனுக்கு முன் ஒருமுறை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அந்த ஊசி. பெயர் டிரனெக்சாமிக் ஆசிட். தியேட்டரில் டி.எக்ஸ்.ஏ. என்போம். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு உள்ள பெண்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுக்கிறார்களே, அதே மருந்துதான். உங்கள் வீட்டிலேயே யாராவது சாப்பிட்டிருக்கக்கூடும்.

இது ரத்தத்தை உறைய வைக்கும் மருந்து இல்லை. உறைந்ததைக் கரையவிடாமல் பார்த்துக்கொள்கிற மருந்து. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் அண்ணனின் பயம் பாதி குறைந்துவிடும். ஒரு ரத்தக்குழாய் அறுபட்டால் உடம்பு அந்த இடத்தில் ஃபைப்ரின் என்ற நூலால் வலை பின்னி அடைக்கிறது. வலை தேவைக்கு மேல் வளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, அதை அறுக்கிற பிளாஸ்மின் என்ற கத்தரியையும் உடம்பே தயாரித்து வைத்திருக்கிறது. எலும்பு உடையும்போதும் ஆபரேஷனில் தசையை வெட்டும்போதும் இந்தக் கத்தரிகள் அளவுக்கு மீறி வேலை செய்யத் தொடங்கிவிடும். இந்தப் பக்கம் பின்னப் பின்ன அந்தப் பக்கம் அறுந்துகொண்டே போகும், கசிவு நிற்காது. கத்தரி வலையைப் பிடித்துக்கொள்வது லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கிற இடங்களில். டிரனெக்சாமிக் ஆசிட் பார்க்க லைசின் மாதிரியே இருக்கும். அது போய்க் கத்தரியின் பிடியில் உட்கார்ந்துகொண்டால் கத்தரிக்கு வலை அகப்படாது. பின்னிய வலை நிலைத்து நிற்கும். புதிதாக எங்கேயும் வலை பின்ன இந்த மருந்துக்குத் தெரியாது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகே ஒகமோட்டோவும். இரண்டாம் உலகப் போர் முடிந்து நாடு நொடிந்து கிடந்த காலம். டோக்கியோவில் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குப் பணம் இல்லை. ரத்தத்தை ஆராயலாம் என்று அவர்கள் முடிவு செய்ததற்கு ஒரு காரணம், போதாவிட்டால் தங்கள் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்பது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மகளை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்திருக்கிறார் அந்த அம்மா. பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகிற பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். 1962-ல் ஆய்வு முடிவு வெளியானது. ஆனால் பிரசவ ரத்தப்போக்கில் இதைச் சோதித்துப் பார்க்க மகப்பேறு மருத்துவர்களை அவரால் இணங்க வைக்க முடியவில்லை. கடைசியில் இருபதாயிரம் தாய்மார்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு, சீக்கிரம் கொடுத்தால் மரணம் குறைகிறது என்று 2017-ல் காட்டியது. அதற்கு முந்தைய வருடம்தான், 98 வயதில், அவர் இறந்துபோயிருந்தார். ஒவ்வொரு தடவை அந்த மருந்தின் ஆம்பூலை (சின்னக் கண்ணாடிக் குப்பியை) உடைக்கும்போதும் எனக்கு முதுகில் குழந்தையோடு நிற்கிற அந்த அம்மா ஞாபகம் வரும்.

விபத்துகளில் அடிபட்டவர்களிடம் நடந்த கிராஷ்-2 என்ற ஆய்வு 2010-ல் வெளிவந்த பிறகுதான் உலகம் முழுக்க இந்த மருந்து பரவியது. 40 நாடுகளில் இருபதாயிரம் பேருக்கு மேல் பங்கேற்றார்கள். ஊசி போடாதவர்களில் 16 சதவீதம் பேரும் போட்டவர்களில் 14.5 சதவீதம் பேரும் இறந்தார்கள். நேரம் பற்றியும் அந்த ஆய்வு ஒரு பெரிய பாடம் சொன்னது. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், அதற்கு மேல் தாமதித்தால் தீங்குகூட நேரலாம். கத்தரிகள் வேகமாக வேலை செய்கிற நேரம் கொஞ்சம்தான், பிறகு உடம்பே அவற்றை அடக்கிவிடும். இடுப்பு முறிவு (அம்மாவுக்கு வந்த மாதிரி முறிவைத்தான் அப்படிச் சொல்வோம்) ஆபரேஷனில் தோலைக் கீறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நாங்கள் ஊசி போடுவதும் இதனால்தான். கேஷுவாலிட்டிக்கு வந்தவுடனேயே போட்டுவிடலாம் என்று சில டாக்டர்கள் சொல்கிறார்கள். அதில் இன்னும் ஒருமித்த கருத்து வரவில்லை.

இடுப்பு முறிவுக்கென்றே நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையை இந்த மருந்து பாதிக்கு நெருக்கமாகக் குறைக்கிறது. ஆனால் அண்ணனின் பயத்துக்கு ஆதாரமாக ஒரு ஆய்வு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் இடுப்பு முறிவு வந்த 110 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியிட்டது. ரத்தம் ஏற்றியவர்கள் 60 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆனால் ஆறு வாரத்துக்குள் மாரடைப்பு, பக்கவாதம், கால் நரம்பில் ரத்தக்கட்டு போன்ற பிரச்சினைகள் ஊசி போடாதவர்களில் 6 சதவீதம், போட்டவர்களில் 16 சதவீதம். 110 பேர் என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. தற்செயலாகவும் அப்படி விழலாம் என்றுதான் கணக்கும் சொன்னது. ஆனாலும் அதைப் படித்த பிறகு பல வருடங்கள் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இந்த ஊசியைப் போட நானும் தயங்கியிருக்கிறேன்.

அந்தத் தயக்கத்தைப் பெருமளவு போக்கியது 2022-ல் வந்த பாய்ஸ்-3 ஆய்வு. இதயத்தில் அல்லாமல் உடம்பின் மற்ற இடங்களில் ஆபரேஷன் செய்துகொண்ட 9,535 பேர். ரத்தம் போகவும் ரத்தக்குழாய் அடைக்கவும் வாய்ப்புள்ளவர்களாகவே பார்த்துச் சேர்த்தார்கள், அதாவது உங்கள் அம்மா மாதிரி ஆட்கள். ஆபரேஷன் தொடங்கும்போது ஒரு கிராம், முடியும்போது ஒரு கிராம். ஆபத்தான ரத்தப்போக்கு 11.7 சதவீதத்திலிருந்து 9.1 சதவீதமாகக் குறைந்தது. இதயம், மூளை, ரத்தக்குழாய் சம்பந்தமான பிரச்சினைகள் ஊசி போட்டவர்களில் 14.2 சதவீதம், போடாதவர்களில் 13.9 சதவீதம். எண்கள் பெரிதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரிகிற சின்ன இதய பாதிப்பையும் அதில் எண்ணியிருக்கிறார்கள். "ஆபத்து துளியும் கூடவில்லை" என்று நிரூபிக்க அந்த ஆய்வு தனக்குத் தானே போட்டுக்கொண்ட கடுமையான அளவுகோலை அது தாண்டவில்லை. ஆகவே ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தால் மிகச் சிறியது, ரத்தம் காப்பாற்றப்படுகிற நன்மை அதைவிடப் பெரியது என்று சொல்வேன்.

ஸ்டென்ட் வைத்து ஆறு வருடம் ஆகி, நெஞ்சுவலி இல்லாமல், நடமாடிக்கொண்டிருந்தவர் என்றால் என் அம்மாவாக இருந்தாலும் நான் போடுவேன். சில மாதங்களுக்கு முன்தான் ஸ்டென்ட் வைத்தது அல்லது மாரடைப்பு வந்தது என்றால் இதய டாக்டரிடம் பேசாமல் போட மாட்டேன். காலிலோ நுரையீரலிலோ இப்போதே ரத்தக்கட்டு இருந்தால் போடவே மாட்டேன். விழுந்து நாலைந்து நாள் எண்ணெய்க் கட்டுப் போட்டு வீட்டிலேயே படுக்க வைத்துவிட்டுப் பிறகு கூட்டிவருகிறவர்களுக்கு அப்படி ரத்தக்கட்டு உருவாகியிருக்க வாய்ப்பு அதிகம், அவர்களுக்குக் காலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் யோசிக்க வேண்டும், இந்த மருந்து அளவு கூடினால் வலிப்பைத் தூண்டும். ஊசி ஏறக்குறைய முழுவதுமாகச் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. ஆகவே கிட்னி பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை கிரியேட்டினின், அது அம்மாவுக்கு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நரம்பு வழியாக வேண்டாம் என்று டாக்டர் நினைத்தால், தையல் போடுவதற்கு முன் காயத்துக்குள்ளேயே மருந்தை ஊற்றி ஊற வைக்கிற முறையும் இருக்கிறது. அதில் ரத்தத்தில் கலப்பது குறைவு.

போடும் விதம் எளிது. 500 மில்லிகிராம் ஆம்பூல் இரண்டு, நூறு மில்லி சலைனில் கலந்து, பத்து நிமிடம் மெதுவாக இறக்க வேண்டும். சடாரென்று ஏற்றினால் பிரஷர் விழும். விலை ஒரு யூனிட் ரத்தத்துக்கு ஆகிற செலவின் பக்கத்தில்கூட வராது. டோனர் தேடி ஒவ்வொரு சொந்தக்காரராகப் போன் போட்டு அலைகிற அலைச்சலும் மிச்சம்.

எனக்கு உண்மையில் பயம் வேறொரு விஷயத்தில். இடுப்பு ஆபரேஷன்கள் பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்துதான் நடக்கின்றன. அந்த மரப்பு மருந்தான பியூப்பிவகெய்ன் ஆம்பூலும் டிரனெக்சாமிக் ஆசிட் ஆம்பூலும் ஏறக்குறைய ஒரே உயரம், இரண்டும் கண்ணாடி, இரண்டும் தண்ணீர் மாதிரி. ஒரே டிரேயில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் அவசரத்தில் கை மாறிவிடும். டிரனெக்சாமிக் ஆசிட் முதுகுத்தண்டுக்குள் போனால் நிமிடங்களில் முதுகிலும் காலிலும் தாங்க முடியாத வலி, பிறகு அடங்காத வலிப்பு. இப்படி மாறிப் போடப்பட்டவர்களில் பாதிப் பேர் வரை இறந்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமே 2022-ல் இதற்காக எச்சரிக்கை வெளியிட்டது. என் டேபிளில் இந்த ஆம்பூல் இருக்கவே இருக்காது. முதுகு ஊசி போட்டு முடித்து, அந்த டிரேயை வெளியே அனுப்பிய பிறகுதான் அலமாரியிலிருந்து எடுத்துத் தரச் சொல்வேன். சிஸ்டர் பெயரை உரக்கப் படிப்பார், நான் ஒருமுறை படிப்பேன், பிறகுதான் உடைப்போம். பத்து வருடம் கூட வேலை செய்த சிஸ்டராக இருந்தாலும் இந்த முறை மாறாது. படிக்கிற டாக்டர்களும் சிஸ்டர்களும் இதை மட்டும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா விஷயத்தில் க்ளோபிடோகிரெல் இருப்பதால் முதுகு ஊசி போடலாமா, முழு மயக்கமா என்ற கேள்வி எழும். நிறுத்தி ஐந்து முதல் ஏழு நாள் ஆனால்தான் முதுகு ஊசி பாதுகாப்பு என்பது வழிமுறை. அதற்காக ஆபரேஷனையே ஒரு வாரம் தள்ளிப் போடுவது பெரும்பாலும் நல்லதில்லை. முழு மயக்கம் கொடுத்துச் சீக்கிரம் முடித்துவிடுவதே மேல். உடைந்த காலோடு ஒரு வாரம் அசையாமல் படுத்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், புத்தி தடுமாறும், காலில் ரத்தம் கட்டும். ஈகோஸ்பிரினை வழக்கமாக நிறுத்துவதில்லை. க்ளோபிடோகிரெலை நீங்களாகவே நிறுத்தவோ தொடரவோ வேண்டாம், டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள். இதைப் படிக்கிற வேறு யாருடைய வீட்டிலாவது அசிட்ரோம், வார்ஃபரின், அபிக்சபான், ரிவராக்சபான் என்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் அந்தக் கதை வேறு. அவர்களுக்கு அந்த மருந்தின் வேகத்தை முதலில் இறக்க வேண்டும். முதல் இரண்டுக்கு விட்டமின் கே உதவும். மற்ற இரண்டுக்கு ஒன்றிரண்டு நாள் காத்திருக்க வேண்டிவரும். டிரனெக்சாமிக் ஆசிட் அந்த வேலையைச் செய்யாது. இரும்புச்சத்து ஊசி போட்டால் ரத்தம் ஊறாதா என்று கேட்பார்கள். ஊறும், ஆனால் வாரக்கணக்கில். நாளைக்கு ஆபரேஷன் என்பவருக்கு அது உதவாது, பிறகு உடம்பு தேறுவதற்கு வேண்டுமானால் உதவும்.

ரிசர்வ் பண்ணச் சொன்ன இரண்டு யூனிட் ரத்தத்தைக் கட்டாயம் தயாராக வையுங்கள். தயாராக இருக்கிறது என்பதற்காக ஏற்றியே ஆக வேண்டும் என்றில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 2,016 இடுப்பு முறிவு நோயாளிகளிடம் ஒரு ஆய்வு நடத்தி 2011-ல் வெளியிட்டார்கள். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனதும் ரத்தம் ஏற்றியவர்களுக்கும், 8-க்குக் கீழே போனாலோ தொந்தரவு தெரிந்தாலோ மட்டும் ஏற்றியவர்களுக்கும், உயிர் பிழைப்பதிலோ நடப்பதிலோ வித்தியாசம் இல்லை. வயதான இதயத்துக்கு வேகமாக ரத்தம் ஏற்றினால் நடுராத்திரியில் மூச்சு முட்டி உட்கார்ந்துகொள்வார்கள். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே 9-ல் இருக்கிறவருக்கு "எதுக்கும் ஒரு பாட்டில் ஏத்திடுங்க டாக்டர், தெம்பா இருக்கட்டும்" என்று வற்புறுத்த வேண்டாம்.

இன்று ராத்திரியே அம்மா சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்து வையுங்கள். நாட்டு மருந்து, பக்கத்துத் தெருக் கடையில் வாங்கின மூட்டுவலி மாத்திரை உட்பட. ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்தால் தேதியைப் பாருங்கள். மயக்க மருத்துவர் பார்க்க வரும்போது அண்ணனையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஸ்டென்ட் பற்றி அவரே கேட்கட்டும், வேண்டாம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுப்பதைவிட அதுதான் பயன்படும்.

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு மணி நேரம் போல ஆனதும் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு ஊசி ஆரம்பிப்பார்கள். அது ரத்தம் கட்டாமல் இருக்க. "நேத்து ரத்தம் போகாம இருக்க ஊசி, இன்னைக்கு ரத்தம் உறையாம இருக்க ஊசியா, இவங்களுக்கே ஒண்ணும் தெரியலையா" என்று அண்ணன் மறுபடியும் கோபப்படக்கூடும். முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். டிரனெக்சாமிக் ஆசிட் ரத்தத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். மறுநாள் காலைக்குள் கிட்னி நன்றாக இருக்கிறவர்களின் உடம்பில் அது மிச்சம் இருக்காது. கசிவு ஓயும் வரைக்கும் ஒன்று, அசையாமல் படுத்திருக்கிற வாரங்களுக்கு மற்றொன்று. வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாதம் போல அந்தத் தொப்புள் ஊசியோ அதற்குப் பதில் மாத்திரையோ தொடரச் சொல்வார்கள், இடையில் விட்டுவிடாதீர்கள். தினமும் காலையில் இரண்டு கெண்டைக்காலையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ மறுநாள் செக்கப்புக்காகக் காத்திருக்காமல் அப்போதே கூட்டிக்கொண்டு போங்கள்.